எலிக்கு நன்றாகவே வேலை செய்தது

என் மைத்துனன் என்னை ‘எலி டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தது எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள். அதில் கேலி பாதி, உண்மை பாதி. நான் டாக்டர்தான். ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவன். சொந்தக்காரர்களில் யாருக்காவது தலைவலி, முதுகுவலி என்றால் ஆரம்பத்தில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். “எலியா இருந்தா சொல்லிடுவேன்” என்பேன். முதல் பத்து வருடம் சிரித்தார்கள்.

என் வேலை இதுதான். மயக்க மருந்து கொடுத்த எலியின் இதயத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயின் முனையில் கட்டித் தொங்கவிட வேண்டும். திராட்சைப் பழ அளவுதான் இருக்கும். பிராணவாயு கலந்த வெதுவெதுப்பான உப்புநீரை அதற்குள் ஓடவிட்டால், எலி இல்லாமலே அது மணிக்கணக்கில் துடிக்கும். பிறகு குழாயைத் திருகி மூடுவேன். இதயம் தவிக்கும், தளரும், நின்றுவிடும். அரை மணி கழித்துத் திறப்பேன். திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகாது. பட்டினி கிடந்த தசைக்குள் ரத்தம் ஒரேயடியாகப் பாய்ந்தால், அதுவரை தாக்குப்பிடித்து நின்ற இடங்களிலும் ஒரு பங்கு அந்தப் பாய்ச்சலாலேயே செத்துப்போகும். அடைப்பு கொன்றது போக மிச்சத்தில், காப்பாற்ற வந்ததும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொல்லும். இந்த இரண்டாவது கொலைகாரனைத் துப்பறிவதில்தான் என் வயதில் பாதி போயிருக்கிறது.

துப்பறிந்து நான் கண்டுபிடித்தது ஒரே ஒரு வாக்கியம். அவசரப்படாமல், விட்டு விட்டுத் திற. கொஞ்சம் திற, மூடு. கொஞ்சம் திற, மூடு. அப்படிச் செய்தால் எலிக்குச் சேதம் குறைகிறது. இதை விளக்கி நான் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே காரில் ஏற்றிவிடலாம், ஓட்டுநரையும் சேர்த்து. மனிதர்களிடம் செய்து பார்த்தவர்கள் பெரிய பலன் ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். அவர்களுக்குச் சரியாகச் செய்யத் தெரியவில்லை என்று நான் பதில் எழுதினேன். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி வேறு ரகம். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைப் பரீட்சை செய்கிற அதிகாரி. பக்கத்து இருக்கையில் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் ஊரைச் சுற்றி வருவாள். கடைசியில் ஒரே வார்த்தை சொல்லி இறங்கிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘பெயில் மேடம்’. பயந்து பயந்து பிரேக்கை மிதிக்கிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. அப்படிப்பட்டவள் எனக்கு எப்படிக் கழுத்தை நீட்டினாள் என்பதை எந்தச் சோதனையாலும் நான் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போக அரை நாள், வர அரை நாள். “போகட்டுமா?” என்று கேட்டாள். “நல்ல வாய்ப்புதானே, போயேன்” என்றேன். ‘போகாதே’ என்ற வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. நன்றாகவே புரிந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது.

சண்டை ஒன்றும் இல்லை. முதலில் வாராவாரம் வந்தாள். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு போன் மட்டும். போனில் “சாப்பிட்டீங்களா”, “சாப்பிட்டேன்”, “சரி”. கடைசியில் துணி துவைக்கிற இயந்திரம் ரிப்பேரானால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்க மட்டும் நான் அவளைக் கூப்பிட்டேன். ரத்தக் குழாய் ஒரே நாளில் அடைபடுவதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று வகுப்பில் மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறவன் நான். வீட்டுக்கு வந்து தனியாக ரொட்டியை வாட்டித் தின்கிறவனும் நானேதான்.

அவள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. மூன்று வருடமாக அதைத் தவிர எனக்கு வேறு பெரிய ஆசையே இல்லை. ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? சரி என்று வந்துவிட்டால் அதைவிடச் சிக்கல். மூன்று வருடத்துக் கணக்கையும் மொத்தமாகக் கேட்பாளே.

அன்று காலை ஒரு இதயத்தைக் கட்டி, ஓடவிட்டு, மூடியிருந்தேன். திறக்க நேரம் இருந்தது. அப்போது நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது கை கனத்தது. சட்டை நனைந்துவிட்டது. இதயத்தையே தொழிலாகக் கொண்டவன் இல்லையா, உடனே சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன். வாயு. நேற்று ராத்திரி தின்ற அவித்த முட்டை.

எங்கள் ஆய்வகத்தில் உதவிக்கு இருக்கிற அம்மாளை ‘கடிகாரம்மா’ என்போம். சோதனையில் நேரம் பார்ப்பது அவர் வேலை. நான் குழாயை மூடினால் ஸ்டாப்வாட்சை அழுத்துவார், திறக்கச் சொல்லி அவர் தலையசைத்தால்தான் நான் திறப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து இன்னொரு ஸ்டாப்வாட்சை எடுத்து அழுத்தினார்.

“அது எதுக்கு?” என்றேன்.

“எதுக்கும் இருக்கட்டும் சார். எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“வாயுதான். இன்னும் கொஞ்ச நேரத்துல எலிக்குத் திறக்கணும். அதை யார் பாக்கறது?”

“எலி செத்து ரொம்ப நேரம் ஆச்சு சார். நீங்க எழுந்திருங்க.”

வாடகைக் காரில் போகும்போது அவர் என் மனைவிக்குப் போன் செய்தார். இந்தப் பக்கம் கேட்டது இவ்வளவுதான்: “மேடம், சாருக்கு நெஞ்சு வலி. இல்ல மேடம், எலிக்கு இல்ல, சாருக்கு.”

ஆஸ்பத்திரியில் என்னைக் குளிரூட்டிய ஒரு அறைக்கு வெளியே தள்ளுபடுக்கையில் கிடத்தினார்கள். என் மாணவன் வயதில் ஒரு டாக்டர் வந்தார். முன்பக்க ரத்தக் குழாயில் அடைப்பு, மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு இப்போதே திறந்துவிடலாம் என்று சொல்லி, ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? கையெழுத்துப் போடுவான். நான் தாளை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, “எப்படித் திறப்பீங்க?” என்று கேட்டேன்.

“பலூனை ஊதி சார்.”

“ஒரேயடியாவா?”

“ஒரேயடியாதான். ஏன் சார்?”

ஏன் என்று என்னைக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? படுத்த வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டேன். ரத்தம் திடீரென்று பாய்ந்தால் செல்லுக்குள் சுண்ணாம்புச் சத்து எப்படி வெள்ளமாகப் புகும், தசை எப்படி விறைத்துக் கிழியும், விட்டு விட்டுத் திறந்தால் அது எப்படிக் குறையும் என்று மூச்சு வாங்க வாங்க விளக்கினேன். வலி உச்சத்துக்குப் போனபோது ஒரு வரைபடத்தைக் காற்றில் விரலால் போட்டுக் காட்டினேன். நர்ஸ் ஒருவர் என் விரலைப் பிடித்து, அதில் ஏதோ கருவியை மாட்டிவிட்டுப் போனார்.

“நீங்க டாக்டரா சார்?” என்றார் அந்த இளம் டாக்டர்.

“எலி டாக்டர்” என்றார் கடிகாரம்மா.

இளம் டாக்டரின் முகம் மாறியது. “விட்டு விட்டுத் திறக்கணும்னு எழுதினது நீங்கதானா? படிக்கிற காலத்துல படிச்சிருக்கேன் சார்.”

காரில் ஏறாமல் விட்டுப்போன ஒரு வாசகர். என் இதயத்தில் உயிரோடு மிச்சம் இருந்த பகுதி பூரித்துப்போனது. “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“எலிக்கு நல்லாவே வேலை செஞ்சுது சார். கையெழுத்து?”

நான் விடவில்லை. மெல்லத் திறப்பதாக வாக்குக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று பிடிவாதமாக நின்றேன், அதாவது படுத்தேன். அவர் பொறுமையாக, அதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை என்றார். அவர்கள் சரியாகச் செய்யவில்லை என்றேன். கடிகாரம்மா முன்னால் வந்து ஸ்டாப்வாட்சை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“சார், நாம எலிக்கே இவ்வளவு நேரம் மூடி வெக்கறதில்ல.”

எண்களைப் பார்த்தேன். ஆராய்ச்சிக் கட்டுரையில் ‘மிக நீண்ட அடைப்பு’ என்று நான் எழுதுகிற எல்லையையும் தாண்டி அவை ஓடிக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதும், “கொஞ்சமாவது மெல்ல” என்று முனகினேன் என்பது வெட்கக்கேடு.

பலூனை ஊதினார்கள். நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போய்விட்டான். ஆஹா என்று மூச்சு விட்டேன். தலைக்குப் பக்கத்தில் இருந்த திரையில் என் இதயத்தின் கோடு ஓடியது. திடீரென்று அது தாறுமாறாகக் குதிக்க ஆரம்பித்தது. அந்தக் கோட்டை ஆயிரம் எலிகளிடம் பார்த்திருக்கிறேன். ரத்தம் திரும்பியதும் அடிபட்ட தசை போடுகிற கூச்சல் அது. மற்றவர்கள் பதறினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை.

“பாருங்க! பாருங்க! நான் சொன்னேன்ல!” என்றேன்.

அதோடு என் இதயம் நின்றுவிட்டது. மின்னதிர்ச்சி கொடுத்துத்தான் கிளப்பினார்களாம். சாகப்போகிற மனிதன் மனைவியைத் தேடுவான், அம்மாவைக் கூப்பிடுவான். என் கடைசி வார்த்தை ‘நான் சொன்னேன்ல’ என்று ஆகியிருக்கும். அதைக் கல்லறையில் பொறித்திருந்தால்கூட என் மனைவிக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

அவள் அன்று மாலையே வந்து சேர்ந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் கிடந்தேன். அங்கே சட்டம் கறார். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், ஒரே ஒரு ஆள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்க, அவள் கால்மாட்டில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். ஒரு வண்டியை மேலும் கீழும் பார்க்கிற பார்வை. போர்வையை இழுத்துச் சரி செய்தாள். “அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா” என்று நர்ஸ் வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை, “ஷேவ் பண்ணலையா” என்றாள். மாலையில், “அந்த எலி என்ன ஆச்சு?” என்றாள். அதற்கடுத்த நாள் காலை கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, “கையைக் குடுங்க” என்றாள். ஒரு கை முடிவதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். இன்னொரு கையை மாலையில் வெட்டினாள். அவள் விரல்கள் என் விரல்களைப் பிடித்து எத்தனை நாளாகிவிட்டது என்று எண்ணிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரையில் என் துடிப்பு ஏறியதை அவள் பார்த்துவிட்டாள். அடுத்த விரலைப் பிடித்தாள்.

என் புத்தி எங்கே போனது தெரியுமா? கொஞ்சம் திற, மூடு. கொஞ்சம் திற, மூடு. ஐந்து நிமிடம் மனைவி, பன்னிரண்டு மணி நேரம் அடைப்பு. சேதமே இல்லை! உலகம் ஒப்புக்கொள்ளாத என் கொள்கையை ஆஸ்பத்திரியின் பார்வையாளர் நேரம் நிரூபித்துவிட்டது. அதுவும் எலியிடம் இல்லை, மனிதனிடம். படுக்கையிலிருந்தே அடுத்த கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தேன்.

பிறகு என்னைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். மூன்று வருடமும் மொத்தமாக வந்து விழுந்தது.

“சாப்பிட்டீங்களான்னு கேட்டா சாப்பிட்டேன்னு சொல்றீங்களே, நீ சாப்பிட்டியான்னு திருப்பிக் கேக்கத் தோணல இல்ல? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அங்க வந்து பாத்தீங்களா? நான் இருக்கற வீட்டுக் கதவு என்ன கலர்னு தெரியுமா உங்களுக்கு?”

“பச்சை?” என்றேன். எப்போதோ ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள்.

“அது பக்கத்து வீடு.”

பக்கத்துப் படுக்கைக்காரர் தன் ரேடியோவை அணைத்துவிட்டார். இதுதான் சுவாரசியமாக இருந்தது போல.

“டைபாய்டு வந்து பத்து நாள் கிடந்தேன். கீழ் வீட்டு அம்மாதான் கஞ்சி குடுத்தாங்க.”

“நீ சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

எந்த மாதம் என்று யோசித்தேன். எந்த மாதமாக இருந்தாலும் நான் ஏதோ ஒரு எலியோடு இருந்திருப்பேன். அவள் காய்ச்சலில் தனியாகக் கிடந்தபோது நான் என் அளவைகளைச் சரிபார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பது நெஞ்சைப் பிடுங்கியது. இது வாயு இல்லை என்று இந்தத் தடவை உடனே தெரிந்தது. மதியம் வரை திட்டினாள். நடுவில் அழுதாள். அழுததற்கும் என்னையே திட்டினாள். நர்ஸ் வந்து என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு அவளை முறைத்தார். அவள் பதிலுக்கு முறைத்ததில் நர்ஸ் தேர்வில் தோற்றவர் போலத் திரும்பிப் போனார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளையில் இருந்த வெள்ளை நாரைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“இங்கயே டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிடட்டுமா?”

மூன்று வருடமாக நான் ஏங்கிய வார்த்தை. ‘எழுது’ என்று சொன்னால் போதும். மூன்றே எழுத்து. ஆனால் காலையிலிருந்து வாங்கிய அடியில் நான் ஆடிப்போயிருந்தேன். தினமும் இப்படி என்றால் இருவருமே தாங்குவோமா? என் அறிவு முந்திக்கொண்டது.

“அவசரப்பட வேணாம்” என்றேன். “ஒரேயடியா வந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம். முதல்ல வாரக் கடைசியில வா. கொஞ்ச நாள் பாப்போம். அப்புறம் ரெண்டு நாள், மூணு நாள்னு கொஞ்சம் கொஞ்சமா...”

அக்கறையோடுதான் சொன்னேன். ரொம்பப் பக்குவமாகப் பேசிவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

அவள் சுளையை என் கையில் வைத்தாள். “சரி” என்றாள்.

அந்தச் ‘சரி’யை எனக்குத் தெரியும். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அட்டையில் ஒரு கோடு இழுத்து, இறங்கிப் போகும்போது சொல்கிற ‘சரி’ அது. அடுத்த நாளிலிருந்து எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதைத் தவிர அவள் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற காலை இளம் டாக்டர் வந்தார். என் இதயம் துடிக்கிற படத்தைத் திரையில் காட்டினார். “இதோ, முன்பக்கச் சுவர்ல இந்த இடம் அசையல சார்” என்றார். மற்ற இடமெல்லாம் வேலை செய்ய, அந்த ஓரம் மட்டும் வேலைக்கு வராத ஆள் போலச் சும்மா இருந்தது.

“இதுல அடைப்பால போனது எவ்வளவு, திறந்ததால போனது எவ்வளவு?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

“நீங்க பேசினதால போனது எவ்வளவுன்னும் சேத்துக் கேளுங்க சார்” என்றார். பிறகு பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். “திறந்ததுல கொஞ்சம் போயிருக்கும். இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பயந்து திறக்காம விட்டிருந்தா, இந்தக் கேள்வியைக் கேக்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க.”

மைத்துனன் என்னை அழைத்துப்போக வேனோடு வந்திருந்தான். கடைகளுக்கு ரொட்டி போடுகிற வேன் அது, எப்போதும் சூடான ரொட்டி வாசனை அடிக்கும். அக்கா காலையிலேயே வீட்டைத் திறந்து சுத்தம் செய்யப் போய்விட்டாள் என்றான். முன் இருக்கையில் ஏறி, திரும்பிப் பார்த்தேன். பின்னால் ரொட்டித் தட்டுகள் இல்லை. மூட்டை முடிச்சுகள், நிற்கிற மின்விசிறி ஒன்று, வாளியில் நட்ட ஒரு செடி, சுருட்டிக் கட்டிய மெத்தை ஒன்று.

“என்னடா இதெல்லாம்?”

“அக்காவோட சாமான்.” வண்டியைக் கிளப்பினான். “நீங்க தீவிர சிகிச்சையில கிடந்தப்பவே என்னை அனுப்பி அங்க வீட்டைக் காலி பண்ணிட்டா. டிரான்ஸ்ஃபருக்கும் அன்னிக்கே எழுதி என்கிட்டயே குடுத்தனுப்பிட்டா. மொத்தத்தையும் என் வண்டியில ஏத்தியாச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறக்கலாம்னு இருந்தா.”

“இப்ப?”

“இப்ப என்ன. எழுதினதைத் திருப்பி வாங்கிக்கறாளாம், அங்க வீட்டையும் மறுபடி கேட்டிருக்காளாம். உங்கள வீட்டுல இறக்கிட்டு, அவளை ஏத்திக்கிட்டு இந்தச் சாமானோட நேரா அங்க போகணும். வாரக் கடைசியில வருவாளாம்.” அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் கொஞ்சமா வரச் சொன்னீங்களாமே, மாமா?”

எலி டாக்டர் என்று கூப்பிடாமல் அவன் ‘மாமா’ என்று கூப்பிட்டால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

வழியெல்லாம் அந்த மெத்தையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஆள் மட்டும் படுக்கிற மெத்தை. சுருட்டியும் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது தெரிந்தது. டைபாய்டில் பத்து நாள் கிடந்தது அதில்தான். அவள் கேட்டது அனுமதி இல்லை. வண்டி நிறையச் சாமானோடு வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாள். நான் அவளுக்கு எலியின் கதையைச் சொல்லியிருக்கிறேன். மெல்லத் திறக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியே இல்லை. எனக்குப் பயம். வெறும் பயம். அதற்குக் கோட்டு மாட்டி, கட்டுரை எழுதி, இத்தனை நாள் கூடவே வைத்துக்கொண்டிருந்தேன்.

வேன் நின்றபோது அவள் வாசலில் தயாராக நின்றாள். தோளில் கைப்பை. பின்னால் வீடு பளிச்சென்று இருந்தது. “மாத்திரையெல்லாம் சாப்பாட்டு மேஜை மேல இருக்கு. காலையில போடறது இடது பக்கம்” என்றாள்.

நான் இறங்கி, அவளைத் தாண்டிப் போகாமல் வேனின் பின்பக்கம் போனேன். கதவைத் திறந்து மெத்தையின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். நெஞ்சு படபடத்தது.

“என்ன பண்றீங்க! கனம் தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?” ஓடி வந்து என் கையைப் பிடுங்கினாள்.

“இறக்கறேன்.”

“வாரக் கடைசின்னு நீங்கதான் சொன்னீங்க.”

“தப்பாச் சொல்லிட்டேன்.”

“ஏன், இப்ப எலி வேற மாதிரி சொல்லுதா?”

“எலி ஒண்ணும் சொல்லல. எனக்குப் பயம்.” மைத்துனன் சட்டென்று முன் சக்கரத்தை ஆராயப் போய்விட்டான். “நீ முழுசா வந்து, என்னை முழுசாப் பாத்துட்டு, இதுல ஒண்ணும் இல்லன்னு மறுபடி போயிட்டா என்னால தாங்க முடியாது. அதான் மூணு வருஷமாக் கூப்பிடல. நீ இல்லாம எனக்கு நல்லாவே இல்ல. ஒரு நாள்கூட நல்லா இல்ல.”

அவள் கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரி கொடுத்த தாளை எடுத்தாள். என்ன செய்வது என்று தெரியாதபோது எதையாவது படிப்பது அவள் பழக்கம்.

“இதுல முன்பக்கம் ஒரு இடம் அசையலன்னு போட்டிருக்கே. அது செத்துப்போச்சா?”

“கொஞ்சம் செத்திருக்கும். கொஞ்சம் சாகாம மரத்துப்போய்க் கிடக்கும். ரத்தம் வந்துடுச்சு, உயிர் இருக்கு, ஆனா அசையத் தெரியாது. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“எது செத்தது, எது மரத்ததுன்னு எப்பத் தெரியும்?”

“இப்பத் தெரியாது. ரத்தம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும். வாரக்கணக்காகும், சிலதுக்கு மாசக்கணக்காகும். உயிர் இருக்கறது மெல்ல அசைய ஆரம்பிக்கும்.”

“உங்க எலிங்களுக்கு எப்படி? திரும்ப அசைஞ்சுதா?”

இருபத்தாறு வருடத்தில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“தெரியாது” என்றேன். “அதுவரைக்கும் எதையும் விட்டு வெச்சதில்ல. திறந்து ரெண்டு மணி நேரத்துல வெட்டிப் பாத்துடுவேன், எவ்வளவு செத்திருக்குன்னு.”

அவள் தாளை மடித்தாள். ரொம்ப நேரம் மடித்தாள்.

“அப்ப நாம?” என்றாள்.

“வெட்டிப் பாக்க வேணாம்” என்றேன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

அவள் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி வாசற்படியில் வைத்தாள்.

“டேய்” என்று தம்பியைக் கூப்பிட்டாள். “வந்து இறக்கு.”

அவன் சக்கரத்தை விட்டு எழுந்து வந்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “எதைக்கா? மெத்தையை மட்டுமா?”

“எல்லாத்தையும்” என்றாள்.